விதிமீறலும் முறை தவறியவளும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் 'விதி' என்ற சொல் இரண்டு இடங்களில் கேட்கும். ஒன்று செய்தித்தாள்: விதிமீறலே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்திருப்பதாக எழுதுவார்கள். இன்னொன்று இழவு வீடு: 'அவ விதி, இன்னைக்குன்னு பார்த்து வேலைக்குப் போயிருக்கா' என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்லி மூக்கைச் சிந்துவாள். ஒரே சாவுக்கு இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பொருள் மட்டும் நேர் எதிர். முதல் விதியை மனிதர்கள் எழுதினார்கள். அதை மீறாமலும் இருந்திருக்கலாம். இரண்டாவது விதியை எழுதியவர் யாருமில்லை. அதை மீற யாராலும் முடியாது. முதல் விதியை யாரோ மீறியதால் நேர்ந்த சாவு, பொழுது சாய்வதற்குள் இரண்டாவது விதியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

வடமொழியிலிருந்து வரும்போதே இந்தச் சொல் இரண்டு பொருளையும் சுமந்துகொண்டுதான் வந்தது. ஊழ் என்று நமக்கு ஒரு தனிச்சொல் இருந்தும் பேச்சில் அது நிற்கவில்லை. விதிதான் நின்றது. இதைப் பெரிய சதியாகச் சொல்ல நான் விரும்பவில்லை; சொற்கள் அப்படித்தான் ஊர் சுற்றும். ஆனால் ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே பொறுப்பு நழுவி ஓடும் சந்து ஒன்று இருக்கிறது என்றால், அந்தச் சந்தில் நின்று பார்ப்பது தமிழ் படித்தவளின் வேலை.

முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும்போது 'சோசியல் நார்ம்' என்பதற்குத் தமிழ் கேட்பதுண்டு. மாணவிகளில் பலர் பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சகத்தையும் நம்பிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சமூக விதி, சமூக நெறி, நெறிமுறை, விதிமுறை, வழக்கம், மரபு, நியதி, கட்டுப்பாடு, ஒழுங்கு என்று பலகை நிறைந்துவிடும். அகராதியைக் கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லும். மதிப்பெண் போடுகிறவர்களும் பெரும்பாலும் எதற்கும் குறைக்கமாட்டார்கள். எனக்கு அதில்தான் சண்டை. இவை ஒரு பொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொரு சொல்லும் 'இதைச் செய்தவர் யார், இதை மாற்றலாமா, மீறினால் யார் பதில் சொல்ல வேண்டும்' என்ற கேள்விகளுக்கு வேறு வேறு விடை வைத்திருக்கிறது. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்த விடையையும் சேர்த்தே எடுக்கிறோம்.

முதலில் எழுதப்பட்ட விதியைப் பார்ப்போம். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், அதன் கீழ் வந்த 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்றெல்லாம் அவை சொல்கின்றன. (மருந்து என்று எங்கள் பக்கம் சொல்வது பட்டாசுக்குள் இருக்கும் வெடிகலவையை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பருத்திச் செடிக்கு அடிப்பதும் மருந்து, கையைத் துண்டாக்குவதும் மருந்துதான்.) பெரிய ஆலைகளுக்கு உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. அதனால் ஊர்ப்பேச்சில் அது 'நாக்பூர் லைசென்ஸ்'. சிறிய ஆலை என்றால் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்'. விதி என்பது ஆங்கிலத்தில் எழுதி, நாக்பூரிலிருந்து வந்து, அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்படுகிற ஒன்று.

அந்த விதிகளில் ஒன்று ஆடையைப் பற்றியது. பாலியெஸ்டர், நைலான் போன்ற துணி உராய்ந்தால் நிலைமின்சாரம் உண்டாகும். ஒரு பொறி போதும். அதனால் மருந்து அறைக்குள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். ஏன் என்று கேட்டால் இதற்கு விடை இருக்கிறது. பொறியைக் காட்டலாம். பருத்திச் சேலையைவிட பாலியெஸ்டர் சேலை மலிவு, துவைத்தால் சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம். ஆகவே ஏழைப் பெண் எதை உடுத்துவாள் என்பதும் தெரிந்ததுதான். விதியைக் காப்பாற்றும் செலவு அவள் தலையில் விழுகிறது. ஆனாலும் இது விதி என்ற பெயருக்குத் தகுதியானது. காரணம் உள்ளது, எழுத்தில் உள்ளது, எழுதியவர் இன்னார் என்று கைகாட்டலாம்.

இனி ஆடையைப் பற்றிய வேறொரு சொல்லைப் பாருங்கள். கல்லூரிகளில் பெண்கள் என்ன உடுத்தலாம், துப்பட்டாவை எப்படிக் குத்த வேண்டும் என்ற அறிவிப்பு வரும்போது பத்திரிகைகள் அதை 'உடை விதி' என்று எழுதுவதில்லை. 'உடைக் கட்டுப்பாடு' என்றே எழுதுகின்றன. மொழிக்கு உண்மை தெரிந்திருக்கிறது. இங்கே ஏன் என்று கேட்டால் விடை கிடையாது, கேட்டதே குற்றமாகிவிடும். கட்டு, படு என்ற இரண்டு பகுதிகளில் 'படு' யாருக்கு நேர்கிறது என்பதை மட்டும் சொல்லும். கட்டியவரைச் சொல்லாது. சாதி மாறி மணம் செய்த பெண்ணின் வீட்டாருடன் யாரும் பேசக் கூடாது என்றால் அது ஊர்க் கட்டுப்பாடு. பிள்ளை போதும் என்றால் அது குடும்பக் கட்டுப்பாடு. பெயரில் குடும்பம் இருக்கிறது; அறுவை மேசையில் கிடப்பது மனைவி. அண்மைய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளில் ஆண்கள் செய்துகொள்ளும் அறுவை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இப்போது மீறலுக்கு வருகிறேன். இலக்கண வகுப்பில் தொழிற்பெயருக்கும் வினையாலணையும் பெயருக்கும் வேறுபாடு சொல்லிக்கொடுப்போம். மீறல், உடைதல், வெடிப்பு என்பவை தொழிற்பெயர்கள். காலம் காட்டா. செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்றும் காட்டா. வந்தவன், தவறியவள் என்பவை வினையாலணையும் பெயர்கள். செய்தவரையும் காட்டும், செய்த காலத்தையும் காட்டும். இந்தப் பாடத்தை எங்கள் மாவட்டத்துச் செய்திகளோடும் திண்ணைப் பேச்சோடும் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆலையில் நடப்பது விதிமீறல். மீறியவன் என்று செய்தி எழுதாது. முதல் தகவல் அறிக்கையில் உரிமையாளர், போர்மேன் என்று பெயர்கள் இருக்கும், உண்மைதான். ஆனால் ஊரின் நாக்கில் அந்தப் பெயர்கள் தங்குவதில்லை. 'மீறல்' தங்கும், ஆள் இல்லாமல். பெண் விஷயத்தில் இது தலைகீழ். முறை தவறியவள், ஒழுக்கம் கெட்டவள், அடங்காதவள், ஓடிப்போனவள். இங்கே தொழிற்பெயர் போதாது. 'முறை தவறல் நடந்துள்ளது' என்று எந்தத் திண்ணையும் பேசாது. ஆள் வேண்டும், அதுவும் பெண்பால் விகுதியோடு. அவளுக்கு அறுபது வயதாகி, பேரன் எடுத்த பிறகும் ஓடிப்போனவள் என்பது இறந்தகாலத்தில் உறைந்தபடி கூடவே வரும்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் 10 பேர். அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டியில் 8 பேர், பாதிக்கு மேல் பெண்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேருக்கு நெருக்கமாகப் போனார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. ஒவ்வொரு முறையும் வெளிவரும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அதிக மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை, உள்குத்தகை. அச்சங்குளம் ஆலையும் பலருக்குப் பிரித்து உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பின்னால் தெரியவந்தது.

உள்குத்தகை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது விதிக்கு எதிரான செயல். ஆனால் சொல்லில் அந்த எதிர்ப்பு எங்கும் இல்லை. ஏதோ ஒரு வியாபார ஏற்பாடு மாதிரி ஒலிக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை ஆளுக்குக் கொஞ்சமாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வேறு. குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், அதற்கு உருப்படி கூட வேண்டும், அதற்கு ஆள் கூட வேண்டும். நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஐந்தாவது ஆளாக ஒருத்தி உட்காருகிறாள். அவளுக்கும் செய்த உருப்படிக்குத்தான் கூலி. சீசன் நேரம், முன்பணம் வாங்கியிருக்கிறாள், வேன் வந்து வாசலில் நிற்கிறது. 'தீபாவளி நேரத்துல இதெல்லாம் வழக்கம்தானே' என்று யாராவது சொன்னால் அதில் பொய் இல்லை. மீறல் நாள்பட்டால் வழக்கம் ஆகிவிடுகிறது. இது ஒரு பாதை. பெண்ணுக்கு வைத்திருக்கும் பாதை எதிர்த்திசையில் போகிறது. அங்கே வழக்கம் நாள்பட்டால் விதி ஆகிவிடுகிறது.

இந்தப் பகுதிக்கு வழக்கம் என்ற சொல்லோடு பழைய பகை உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றது. அவர்கள் உள்ளே வரும் வழக்கம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் அச்சாணி. நடுவில் 1899இல் சிவகாசி கொள்ளை போனது. வழக்கு, வழக்கம் இரண்டும் வழங்குதல் என்ற ஒரே வேரில் வந்தவை. வழக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களுக்கு வழக்கத்தையே சான்றாகக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அக்காலத்து ஆவணங்களில் வழக்கத்துக்கு இன்னொரு பெயர் மாமூல். அரபியிலிருந்து வந்த சொல், நடைமுறையில் உள்ளது என்று பொருள். இன்று மாமூல் என்றால் என்ன என்று பெட்டிக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால் போதும். எழுதிய விதி கண்ணை மூடிக்கொள்ள மாதாமாதம் கொடுப்பது. ஒரே சொல் கோயில் வாசலை அடைக்கவும் உதவியது, ஆலை வாசலைத் திறந்து விடவும் உதவுகிறது.

கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அமைப்பின் பெயர் உறவின்முறை. விருதுநகரை, அன்றைய விருதுபட்டியை, எழுப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வணிகத்தில் மகமை பிரித்தார்கள். 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்காக வீடுவீடாகப் பிடி அரிசி எடுத்தார்கள். காமராசர் படித்தது அங்கேதான். இந்த வரலாற்றை நான் மதிக்கிறேன், மதிப்பதால்தான் கேட்கிறேன். அந்தப் பிடி அரிசியை உலைக்குப் போகும் முன் தனியாக எடுத்துவைத்த கை யாருடையது? தென்மாவட்டங்களில் எந்தச் சாதியானாலும் ஊர் வரி, கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான். தலைக்கட்டு என்றால் மணமான ஆண். அரிசியைப் பெண் எடுத்துவைத்தாள், கணக்கு ஆண் தலையில் ஏறியது.

முறை என்பது இந்த வரிசையில் மிகச் சிக்கலான சொல், மிக இனிமையானதும்கூட. வரிசையில் 'என் முறை' என்றால் நியாயம். 'முறையிட்டாள்' என்றால் நீதி கேட்டாள். உறவில் முறை என்றால் யார் யாரை மணக்கலாம் என்ற கணக்கு. முறைப்பெண், முறைமாமன். கல்யாண வீட்டில் செய்முறை என்றால் மாமன் கொண்டுவரும் சீர், அதை எழுதிவைக்கும் நோட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இவ்வளவும் ஒரே சொல்லில் இருப்பதால், மாமன் மகனைக் கட்ட மறுக்கும் பெண் 'முறை'யை மறுத்தவளாகிறாள். அப்போது நியாயத்தையே மறுத்தவள் மாதிரி அது ஒலிக்கிறது. வேண்டாம் என்று ஓர் ஆளைச் சொன்னாள். மொழி அவளை ஒரு ஒழுங்குக்கே எதிரியாக்கிவிட்டது.

ஒழுக்கம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ஒழுகு என்ற வினையில் பிறந்தது. போகிற போக்கு, நடக்கிற நடை. அகப்பொருள் இலக்கணத்தில் மணத்துக்கு முந்தைய காதலுக்கே களவொழுக்கம் என்று பெயர். ஊருக்குத் தெரியாமல் சந்திப்பதும் ஒழுக்கம்தான். இன்று விடுதிக்குத் தாமதமாக வரும் மாணவியிடம் ஒழுக்கம் இல்லை என்கிறவர்கள், காலையில் அதே தமிழ்த்துறையில் களவியல் நடத்திவிட்டு வந்தவர்களாகவும் இருக்கக்கூடும்.

தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு; தமிழ் மாணவிகள் எல்லோருக்கும் தெரியும். பொய்யும் பிழையும் தோன்றிய பிறகு, பெரியோர் மணச்சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று அது சொல்கிறது. நம்மிடமிருக்கும் மிகப் பழைய நூல், ஒரு சமூக ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது, இதை ஏற்படுத்தியவர் இன்னார், ஏற்படுத்தியது இன்ன நிலைமைக்குப் பின், காரணம் இது என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. அநாதி என்று சொல்லவில்லை, நியதி என்று சொல்லவில்லை. யாருடைய பொய் என்பதற்கு அகநானூற்றின் 256ஆம் பாட்டைப் பார்க்கலாம். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணோடு பழகிவிட்டு, இவளை அறியேன் என்று சூளுரைக்கிறான். அவை உண்மையை விசாரித்து அறிந்து, அவனை மரத்தில் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டுகிறது. ஆணின் பொய்யைக் கட்டிப்போட வந்த ஏற்பாடு, எப்போது பெண்ணைக் கட்டிப்போடும் ஏற்பாடாக மாறியது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்கான கேள்வி. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

வழக்கத்தைப் புதிதாக உண்டாக்கலாமா? எங்கள் மாவட்டத்து அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. முதலாவது சுயமரியாதைத் திருமணம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. சாத்திரப்படியும் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லை. கால் நூற்றாண்டு, ஆயிரக்கணக்கான மணமக்கள், பிறந்த குழந்தைகள், எதுவும் வழக்கம் ஆக முடியவில்லை, வயது போதவில்லை. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பெண்கள் மனைவியர் ஆனார்கள். வழக்கம் என்ற சொல் வெறுமனே 'பலர் செய்வது' என்று பொருள்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யார் செய்தால் வழக்கம் என்பதும் அதற்குள் இருக்கிறது.

இலங்கைத் தமிழில் வழமை என்று ஒரு சொல் உண்டு; மாணவிகளுக்கு அது பிடிக்கிறது, மென்மையாக இருக்கிறது என்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். 12 முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். பன்னிருவரும் ஆண்கள் என்று சொல்லவும் வேண்டுமா. அதன் வழிவந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலிருக்கும் நிலத்தையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த வீடானாலும் அப்படித்தான். மென்மையான சொல்தான், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்துக் கேட்கிறது.

சொல்லை மாற்றினால் ஏதாவது மாறுமா என்று கேட்பார்கள். ஒரு முறை மாறியது. பிள்ளைகள் விடியற்காலையில் வேனில் ஏறித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போவது இங்கே வழக்கமாக இருந்தது. சின்னச் சின்ன விரல்கள் சட்டத்தில் குச்சி அடுக்கத் தோதானவை என்பது அதற்குச் சொன்ன நியாயம். 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பெருமைப் பெயர். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்துக்கு 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்றே பெயர் வைத்தார். பூமணி 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆனால் 'வழக்கம்' என்ற சொல்லால் அதைச் சொல்வது நின்றது. குழந்தைத் தொழிலாளர் முறை என்றார்கள், பிறகு குற்றம் என்றார்கள். குற்றம் என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும் அல்லவா.

ஐரோப்பிய மொழிகளிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. ஸ்பானிஷ் மொழியில் நோர்மா, ரெக்லா என்று இரண்டு சொற்கள். மொழிபெயர்ப்பவர்கள் எதை எங்கே போடுவது என்று யோசிப்பார்கள். இரண்டும் லத்தீனில் தச்சன் கருவிகள். நோர்மா என்பது மூலைமட்டம், ரெக்லா கோடு போடும் கோல். சமூகம் எதிர்பார்ப்பதற்கு நோர்மா, விளையாட்டுக்கும் இலக்கணத்துக்கும் ரெக்லா என்று பொதுவாகப் பிரிப்பார்கள். (நமக்கும் மட்டம் உண்டு. சுவர் மட்டமாக இருந்தால் நல்லது, பெண் மட்டமானவள் என்றால் வசை.) ஆனால் ரெக்லாவுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது: மாதவிடாய். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே கதை. விதிக்கும் மாதவிடாய்க்கும் ஒரே சொல். தவறாமல் வருவது என்ற எண்ணத்தில் வைத்த பெயர்.

தமிழில் நாம் வைத்த பெயர் அதற்கு நேர் எதிர். வீட்டுவிலக்கு. விதிவிலக்கு, மதுவிலக்கு, வீட்டுவிலக்கு. அங்கே அவள் உடல் விதி, இங்கே அவள் உடல் விலக்கு. பெயரோடு நிற்கவில்லை. மதுரை மாவட்ட எல்லைக்குள், தே. கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரம் முதலிய சில ஊர்களில் அந்த நாட்களில் பெண்கள் போய் இருக்க முட்டுத்துறை என்று தனிக் கட்டடமே உண்டு. சாமிக் குற்றம் என்பார்கள். அங்கே போகாவிட்டால் என்ன தண்டனை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை. போகாதவள் யார் என்பது ஊருக்கே தெரியும். மரத்தடியில் மருந்து கலக்கக் கூடாது என்று அச்சடித்த விதி இருந்தும் கலக்கிறார்கள். எந்த விதியும் இல்லாத முட்டுத்துறைக்குத் தவறாமல் போகிறார்கள். இந்த இரண்டையும் 'நார்ம்' என்ற ஒரே சொல்லால் ஒருவர் எழுதலாம். தமிழில் எழுதும்போது அப்படிச் செய்யத் தேவையில்லை.

ஆகவே என் வகுப்பில் 'சமூக நெறி'யை அடித்துவிடுகிறேன். நெறி என்பது புகழ்ச்சொல். வழி, அதுவும் நல்வழி. பெண் இரவில் வெளியே போகக் கூடாது என்பதைப் பாலின நெறி என்று மொழிபெயர்த்தால், அதை எதிர்க்க எழுதிய கட்டுரையே அதற்குக் கும்பிடு போட்டுவிடுகிறது. பல்கலைக்கழகப் பாடநூல்களில் இது நிறைய நடக்கிறது. விதிமுறை, நெறிமுறை என்று முறையை ஒட்டுப்போடும் பழக்கம் அலுவலகத் தமிழுக்கு உரியது. எங்கே முடிகிறது என்று தெரியாத சொற்கள் அவை. எழுதியவர் இருந்தால் விதி என்று எழுதுங்கள். எழுதியவர் இல்லாமல் எல்லோரும் காவல் நின்றால் கட்டுப்பாடு என்று எழுதுங்கள், அது ஊர் அறிந்த சொல், கட்டு இருப்பதை மறைக்காது. வெறுமனே எல்லோரும் செய்வது, செய்யாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றால் வழக்கம். நெறியை, நீங்களே நின்று வாதாடத் தயாராக இருக்கும் ஒன்றுக்காக எடுத்துவையுங்கள். மாணவிகள் இதற்கு மறுப்பும் சொல்கிறார்கள். சில வழக்கங்களைக் கட்டுப்பாடு என்று எழுதினால் அம்மாவையும் காவல்காரி ஆக்குவதாகிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். அது உண்மைதான். காவல் நிற்பவளும் கட்டுண்டவள்தான் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் வேறு சொல் இல்லை.

இழவு வீட்டுப் பெரியம்மாவைத் திருத்துவது என் நோக்கமல்ல. அவள் 'விதி' என்பது செத்தவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கத்தான். இல்லாவிட்டால் கவனக்குறைவு என்று போர்மேன் சொல்வான், உராய்வு என்று அறிக்கை சொல்லும், மருந்தைக் கையாண்டது அவள் கை என்று முடியும். நான் கேட்பது பத்திரிகையாளர்களிடமும் அறிக்கை எழுதுகிறவர்களிடமும், நாளை அந்த வேலைகளுக்குப் போகவிருக்கும் என் மாணவிகளிடமும்தான். 'விதிமீறல் காரணமாக விபத்து' என்ற வரியைத் தமிழில் இன்னொரு விதமாகவும் எழுதலாம். இத்தனையாம் எண் அறையில் இத்தனை பேரை உட்காரவைத்தவர் இன்னார், உட்காரவைக்கச் சொன்னவர் இன்னார், அதைப் பார்க்க வர வேண்டியிருந்தும் வராதவர் இன்னார். எழுவாய் வந்தால் வாக்கியம் நீளும். செய்திக்கு இடம் போதாது என்பார்கள். ஓடிப்போனவளைப் பற்றிய செய்திக்கு மட்டும் அவள் ஊர், அவள் வயது, அவள் படிப்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

ஆலையில் ஒவ்வோர் அறைக்கும் உள்ளே இருக்கக்கூடிய மருந்தின் அளவும் ஆட்களின் எண்ணிக்கையும் வாசலில் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கைக்குத் தொழிலில் சொல்லும் பெயர் 'மேன் லிமிட்'. உள்ளே காலை மடக்கி உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.